நானும் மூணு டார்ச் லைட்டும், அப்பாவோட ஒண்ணும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்த பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு. போன வாரம் டீ குடிக்கப் போனப்போ, கூட வேலை பாக்குற நண்பர் ஒருத்தர் என் பேன்ட் பாக்கெட்ல செருகியிருந்த டார்ச் லைட்டைப் பாத்துட்டார். "என்ன பாஸ், செல்போன்லயே லைட் இருக்கே, இது எதுக்குத் தனியா? வாட்ச்மேன் வேலைக்கு ஏதும் அப்ளை பண்ணியிருக்கீங்களா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா டீக்கடையில நின்னுக்கிட்டு ரெண்டு வரியில பதில் சொல்ற கேள்வி இல்லை அது. அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். நான் அப்போ பள்ளிக்கரணையில ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருந்தேன். முந்தின நாள் ராத்திரி ஆரம்பிச்ச மழை நிக்கவே இல்லை. விடிஞ்சு பாத்தா தெரு இல்லை, ஏரிதான் இருக்கு. கரண்ட் இல்லை. தண்ணி ஏறினா கரண்டை நிறுத்தத்தான் செய்வாங்க, நிறுத்தலைன்னாதான் ஆபத்து. என் செல்போன்ல அறுபது சதவீதம் சார்ஜ் இருந்துச்சு. "சாயங்காலத்துக்குள்ள வந்துடும்"னு அலட்சியமா ரெண்டு வீடியோ வேற பாத்தேன். புத்திசாலி!

சாயங்காலம் கீழ் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. அங்க இருந்த பாட்டிக்கு எண்பது வயசுக்கு மேல. அவங்களை நாற்காலியோட தூக்கிட்டு மேல கொண்டு வரணும். மாடிப்படி கும்மிருட்டு. நான்தான் செல்போன் லைட்டைப் போட்டுக்கிட்டு படியில நின்னேன். பாட்டி, அப்புறம் அரிசி மூட்டை, சிலிண்டர், சர்டிபிகேட் வச்ச சூட்கேஸ்னு ஒன்றரை மணி நேரம் ஏத்தினோம். ஒரு கையில போன், இன்னொரு கையில சுமை. அது போதாதுன்னு நடுநடுவுல போன் அடிக்குது. ஊர்லேர்ந்து அப்பா. "அப்புறம் பேசறேம்ப்பா"ன்னு ரெண்டு தடவை கட் பண்ணினேன். மூணாவது தடவை எடுக்கலாம்னு பாத்தா போன் செத்துப் போச்சு.

மறுநாள் மத்தியானம் பக்கத்துத் தெரு நண்பரோட போன்லேர்ந்துதான் பேச முடிஞ்சுது. அம்மா எடுத்தாங்க. எடுத்ததும் அழுதாங்க. அப்பா விடியக்காலை நாலு மணிக்கே மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சென்னைக்கு பஸ் இருக்கான்னு கேட்டுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தாராம். இதை அம்மாதான் சொன்னாங்க. அப்பா இன்னி வரைக்கும் எங்கிட்ட சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்னைக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். போன் இருக்கறது பேசறதுக்கு. அதை விளக்கா எரிச்சா, அவசரத்துக்குப் பேச முடியாது. வெளிச்சம் தனியா இருக்கணும், அதுவும் எப்பவும் கையோட இருக்கணும். பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கற டார்ச், இருட்டுல தேடினா கிடைக்காது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் டார்ச்

தண்ணி வடிஞ்சதும் நேரா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனேன். ஒரு பிளாட்பாரக் கடையில 450 ரூபாய்க்கு ஒண்ணு. அட்டையில "பத்து லட்சம் லூமென்"னு போட்டிருந்துச்சு. இஞ்சினியரிங் படிச்சவன், ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. உள்ள இருந்த செல்லுல "9800 எம்.ஏ.எச்"னு எழுதியிருந்துச்சு. வீட்டுக்கு வந்து எரிச்சா இருபத்தஞ்சு நிமிஷத்துல மங்கிப் போச்சு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். அந்த செல்லுக்குப் பேர் 18650. பதினெட்டு மில்லிமீட்டர் விட்டம், அறுபத்தஞ்சு மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம்; அளவே பேராயிடுச்சு. லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சா உள்ள அடுக்கி வச்சிருப்பாங்களே, அதேதான். நல்ல கம்பெனி செல்லே சுமார் 3500 எம்.ஏ.எச்தான் தாங்கும். அந்தச் சின்ன உருளைக்குள்ள 9800 அடங்காது. நல்ல செல் 45 கிராமுக்கு மேல எடை இருக்கும். என்னோடதை மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பாத்தேன். 28 கிராம். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியா பாத்தார்.

லூமென் சமாச்சாரமும் அப்படித்தான். ஒரு வாட் மின்சாரத்துக்கு நல்ல எல்.ஈ.டி நூறு, நூத்தைம்பது லூமென் தந்தா பெரிய விஷயம். பத்து லட்சம் லூமெனுக்கு ஆயிரக்கணக்குல வாட் வேணும். என் டார்ச்சுக்குள்ள டிரான்ஸ்பார்மரா வச்சிருக்காங்க?

லூமென், கேண்டெலா, மத்ததெல்லாம்

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். நம்ம ஊர் மோட்டார் பம்ப்செட்டை நினைச்சுக்கங்க. மொத்தம் எவ்வளவு தண்ணி வருதுங்கறது லூமென். அந்தத் தண்ணி எவ்வளவு வேகமா, ஒரே பக்கமா பீச்சுதுங்கறது கேண்டெலா. குழாய் வாயில கட்டை விரலை வச்சு அழுத்தினா தண்ணி தூரமாப் போகும், ஆனா தண்ணியோட அளவு கூடாது. டார்ச்சுல அந்தக் கட்டை விரல் வேலையை ரிப்ளெக்டரோ லென்ஸோ செய்யுது.

2009-ல அமெரிக்காவுல ஏ.என்.எஸ்.ஐ எஃப்.எல் 1-னு ஒரு தரக் கணக்கு கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் போட்டுக்கிட்டிருந்தாங்க. இந்தக் கணக்குப்படி டார்ச்சோட தூரம்னா, வெளிச்சம் 0.25 லக்ஸா குறையற இடம். கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம்னு வச்சுக்கங்க. அதாவது அட்டையில 200 மீட்டர்னு போட்டிருந்தா, 200 மீட்டர்ல இருக்கறவரோட முகம் தெரியும்னு அர்த்தம் இல்லை. நிலா வெளிச்சத்துல தெரியற அளவுக்கு ஏதோ தெரியும். கேண்டெலாவோட வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்கினா இந்த தூரம் வந்துடும். 10,000 கேண்டெலான்னா 200 மீட்டர். தூரத்தை ரெண்டு மடங்காக்கணும்னா கேண்டெலாவை நாலு மடங்காக்கணும்.

எவ்வளவு நேரம் எரியும்ங்கறதுலயும் ஒரு உள்குத்து உண்டு. ஆரம்ப வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையற வரைக்கும் உள்ள நேரத்தைப் போடறாங்க. ஆயிரம் லூமென், மூணு மணி நேரம்னு போட்டிருந்தா மூணு மணி நேரமும் ஆயிரம் லூமென் வராது. கட்டை விரல் மொத்தத்துல இருக்கற அலுமினியக் குழாய்க்குள்ள பத்து வாட் எரிஞ்சா கை சுட்டுடும். அதனால ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல உள்ள இருக்கற சர்க்யூட் தானா குறைச்சுடும். இது கோளாறு இல்லை, செல்லையும் நம்ம கையையும் காப்பாத்தற ஏற்பாடு.

ரெண்டாவது டார்ச்

இவ்வளவு படிச்சதும் தலைக்கனம் வந்துடுச்சு. நேரா "டாக்டிகல்" வகைக்குப் போயிட்டேன். இந்த வார்த்தை போலீஸ், ராணுவத்துலேர்ந்து வந்தது. அடியில பட்டன், அரை அழுத்து அழுத்தினா எரியும், விட்டா அணையும். முன்னாடி விளிம்பு ரம்பப் பல்லு மாதிரி. எதிராளி கண்ணைக் கூச வைக்க படபடன்னு மின்னற ஸ்ட்ரோப். என்னோட எதிராளி யாருன்னு கேக்காதீங்க. துரைப்பாக்கம் சிக்னல்ல யாரும் என்னை வழி மறிச்சதில்லை.

1600 லூமென், 250 மீட்டர், 3800 ரூபாய். இதுல உள்ள செல் நிஜமான 18650. ரூம்ல கூரையைப் பாத்து அடிச்சா டியூப் லைட் போட்ட மாதிரி இருந்துச்சு. ஜம்பமா ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனேன், அப்பாகிட்ட காட்டறதுக்கு.

அது 2024 ஜூன். மேட்டூர்ல தண்ணி கம்மியா இருந்ததால அந்த வருஷம் வழக்கமான ஜூன் 12-ல அணையைத் திறக்கலை. போர் இருக்கறவங்க மட்டும் குறுவை போட்டிருந்தாங்க. எங்க வீட்லயும். ராத்திரி கரண்ட் போயிட்டு வந்தா மோட்டார் நின்னுடும். யாராவது போய்ப் போடணும். செல்போன்லயே மோட்டாரைப் போடற ஸ்டார்ட்டர் வாங்கித் தரேன்னு சொன்னதுக்கு அப்பா, "மோட்டாரைப் போடும்டா தம்பி, வரப்பு எங்க ஒடைச்சுக்கிட்டுப் போவுதுன்னு பாக்குமா?"ன்னு கேட்டார். பதில் இல்லை.

பதினோரு மணி இருக்கும். அப்பா தன்னோட ரெண்டு கட்டை டார்ச்சை எடுத்துக்கிட்டார். எங்க ஊர்ல பேட்டரியைக் கட்டைன்னுதான் சொல்லுவோம். தகர பாடி, கண்ணாடி விரிசல் விட்டது, உள்ள குண்டு பல்பு. மஞ்சளா, சோகையா எரியும். "அதை வீட்லயே வைங்கப்பா, இதைப் பாருங்க"ன்னு என்னோடதை அடிச்சேன். தூரத்துல அடுத்த கொல்லையோட தென்னை மட்டை வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்பா ஒண்ணும் சொல்லலை. தன்னோடதையும் கையில எடுத்துக்கிட்டு, தடியைத் தரையில தட்டிக்கிட்டே பின்னாடி வந்தார்.

வரப்புல நான் முன்னாடி. என் வெளிச்சம் நடுவுல ஊசி மாதிரி பளீர்னு தூரத்துல விழுது. கண்ணு அதுக்குப் பழகிட்டதால காலடி இருட்டா இருக்கு. கீழ திருப்பினா கண்ணு கூசுது. நீலம் கலந்த வெள்ளை. மண்ணு, சருகு, காஞ்ச வைக்கோல் எல்லாமே ஒரே சாம்பல் நிறம். திடீர்னு அப்பா என் தோளைப் பிடிச்சு நிறுத்தினார்.

"நில்லு."

எனக்கு ஒண்ணும் தெரியலை. அப்பா தன் மஞ்ச லைட்டை அடிச்சார். மூணு அடி தள்ளி, சருகோட சருகா, சங்கிலி சங்கிலியா பழுப்பு வளையம். கண்ணாடி விரியன். அப்புறம்தான் அது சீறற சத்தமே என் காதுல விழுந்துச்சு, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி வருமே, அந்தச் சத்தம். ரெண்டு பேரும் அசையாம நின்னோம். அது மெதுவா வரப்பை விட்டு எறங்கிப் போச்சு.

மோட்டார் கொட்டகை வரைக்கும் நான் பேசலை. அப்பாதான் பேசினார். "ஒன் லைட்டு நல்லாத்தான் இருக்கு. எல்லாம் தெரியுது. என்னன்னுதான் தெரியல."

இந்தியாவுல 2000-லேர்ந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியால சுமார் 12 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. செருப்பு, தடி, டார்ச் லைட். இந்த மூணும் இருந்தாலே எவ்வளவோ கடியைத் தவிர்க்கலாம். இந்தப் புள்ளிவிவரத்தை நான் முன்னாடியே படிச்சிருந்தேன். படிச்சது வேற, மூணு அடியில நின்னு பாத்தது வேற.

அப்பா சொன்னதுக்குப் பேரு சி.ஆர்.ஐ

சென்னைக்குத் திரும்பினதும் அப்பா சொன்னதைத் தேடினேன். நிறங்களை எவ்வளவு ஒழுங்காக் காட்டுதுன்னு வெளிச்சத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு. அதான் சி.ஆர்.ஐ. நூத்துக்கு நூறு வாங்கறது யாரு தெரியுமா? பழைய குண்டு பல்பு. இழை சூடாகி எரியறதால எல்லா நிறமும் அதுல தொடர்ச்சியா இருக்கும். வெள்ளை எல்.ஈ.டிங்கறது உண்மையில நீல எல்.ஈ.டி. மேல மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக் காட்டறாங்க. (அந்த நீல எல்.ஈ.டிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் கொடுத்தாங்க.) மலிவா, பிரகாசமாப் பண்றதுல சிவப்பு பக்கம் சோகையாப் போயிடும். மதிப்பெண் எழுபது சுத்தி நிக்கும். பழுப்பு நிறம்னா அதுல சிவப்பு இருக்கணும். வெளிச்சத்துலயே சிவப்பு கம்மின்னா, பழுப்புப் பாம்பும் பழுப்புச் சருகும் ஒண்ணாத்தான் தெரியும்.

1600 லூமெனை எடுத்துக்கிட்டுப் போன நான் தோத்து, விரிசல் கண்ணாடி டார்ச் ஜெயிச்ச கதை இதுதான். நம்பர் பாத்து வாங்கினேன். எந்த நம்பரைப் பாக்கணும்ங்கறதை அப்பா சொல்ல வேண்டியிருந்துச்சு.

மூணாவது டார்ச்

இந்தத் தடவை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டேன். எனக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே மாடல். அப்போதான் போன்ல சந்தேகம் கேட்டா சொல்ல முடியும்.

ஒண்ணு, செல். 18650-ல சக்தி அதிகம். ஆனா எங்க ஊர்க் கடையில கிடைக்காது, தனி செல்லை சாவிக்கொத்தோட பாக்கெட்ல போட்டா ஷார்ட் ஆகி சூடேறும். டபுள் ஏ கட்டை எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். வெளிச்சம் குறைச்சல்தான், பரவாயில்லை. அல்கலைன் செல் மாசக்கணக்குல உள்ளேயே கிடந்தா கசிஞ்சு டார்ச்சை அரிச்சுடும். அதனால ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு, ஒரு சார்ஜர். அவசரத்துக்குக் கடைக் கட்டை.

ரெண்டு, நிறம். நிச்சியாவோட 519ஏ எல்.ஈ.டி, 4500 கெல்வின், சி.ஆர்.ஐ தொண்ணூறுக்கு மேல. மூணு, விரிஞ்ச வெளிச்சம். எனக்கு வேண்டியது காலடியும் அடுத்த பதினஞ்சு அடியும். நாலு, ஒரே பட்டன். குறைச்சல், நடுத்தரம், அதிகம். ஸ்ட்ரோப் கூடாது. அப்பா ரெண்டாவது டார்ச்சை ஒரு தடவை வாங்கிப் பாத்தப்போ தெரியாம ரெண்டு அழுத்து அழுத்தி அது படபடன்னு மின்ன, மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு. அஞ்சு, ஐ.பி.எக்ஸ் 8. ஒரு மீட்டருக்கு மேல தண்ணிக்குள்ள போனாலும் தாங்கும்.

தேடிப் பிடிச்சு வாங்கினேன். கம்பெனி பேரு சொல்லலை, விளம்பரம் மாதிரி ஆயிடும். உள்ளங்கைக்குள்ள அடங்கும். உச்சபட்சமே இருநூறு லூமென் கிட்டத்தான். ரெண்டாவது டார்ச்சுல எட்டுல ஒரு பங்கு!

அப்பா கையில கொடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "கட்டை எங்க கெடைக்கும்?"

"நம்ம ஊர்க் கடையிலயே கிடைக்கும்ப்பா."

அப்புறம்தான் அடிச்சுப் பாத்தார். தன் உள்ளங்கையில அடிச்சுப் பாத்தார். தோல் தோலா தெரிஞ்சுது. தலையை ஆட்டிட்டு பட்டாபட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டார். பேன்ட் பாக்கெட், கிளிப்பு, உறைன்னு நான் எவ்வளவோ படிச்சேன். வேட்டி கட்டறவங்க டார்ச்சை எங்க வைப்பாங்கன்னு யாரும் எழுதினதா தெரியலை.

ஆனாலும் பழசை விடலை. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போறார்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போன். பதறிக்கிட்டு எடுத்தேன்.

"தம்பி, லைட்டு தொட்டிக்குள்ள விழுந்துடுச்சுடா."

"போனாப் போவுதுப்பா, வேற வாங்கிக்கலாம். நீங்க பத்திரமா வாங்க."

"அதில்லடா. உள்ள எரிஞ்சுக்கிட்டே கெடக்கு. அடித்தரை வரைக்கும் தெரியுது."

குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். காலையில எறங்கி எடுத்துக்கிட்டார். டீக்கடையில நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் பழைய டார்ச் அலமாரிக்குப் போயிடுச்சு.

இப்போ நண்பரோட கேள்விக்கு வர்றேன். செல்போன்லயே லைட் இருக்கு, உண்மைதான். சாவி விழுந்தா தேடலாம். ஆனா பாட்டியைத் தூக்கிட்டு வர்ற ஒன்றரை மணி நேரத்துக்கு அது போதாது, அதே நேரத்துல போன்ல காத்துக்கிட்டிருக்கறவருக்குப் பதிலும் சொல்ல முடியாது. ஒரு எழுபது கிராம் பாரத்தைப் பாக்கெட்ல சுமக்கறது பெரிய விஷயம் இல்லைங்க.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. லூமென் பாக்கறதுக்கு முன்னாடி, நீங்க எங்க நடக்கறீங்க, இருட்டுல எதைப் பாக்கணும், யாரு கையில கொடுக்கப் போறீங்கன்னு யோசிங்க. மத்த நம்பர் எல்லாம் அதுக்கப்புறம்.

முன்னாடியெல்லாம் ஊர்லேர்ந்து கிளம்பினா அப்பா, "டிக்கெட் எடுத்துக்கிட்டியா?"ன்னு மட்டும் கேப்பார். இப்போ ரெண்டாவதா ஒரு கேள்வி சேர்ந்திருக்கு. "லைட்டு வச்சிருக்கியா?"

பாக்கெட்டைத் தட்டிக் காட்டிட்டுத்தான் பஸ் ஏறறேன்.

பி.கு: ரெண்டாவது டார்ச் இப்போ எங்க வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி, தென்னை மரத்துல தேங்காய் முத்திடுச்சான்னு பாக்கறதுக்கு அம்மாவுக்கு உபயோகமா இருக்கு. 250 மீட்டர் தூரம்னு போட்டதுக்கு ஒரு அர்த்தம் வேணாமா :-)